பால் காசு கையில் நிற்கவில்லையா? கறவைப் பண்ணைக் கணக்கில் பழுது எங்கே என்று பார்க்கும் முறை

ஐந்து மாடு, ஏழு மாடு வைத்திருப்பவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரும்போது சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "பால் ஊத்திக்கிட்டேதான் இருக்கோம், காசைக் காணோம்." கேட்டவுடன் எல்லோரும் பால் விலையைத்தான் காரணம் சொல்வார்கள். விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரில், அதே சொசைட்டிக்கு, அதே விலைக்குப் பால் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரர் தாக்குப்பிடிக்கிறார் என்றால், நம் கட்டுத்தரையிலோ கணக்கிலோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு மாடு வாங்குவதும் இன்னொரு கடன் எடுப்பதும் ஓட்டையைப் பெரிதாக்கும்.

இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களைக் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு பிடிப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாதப் பால் அட்டை அல்லது ரசீதுகள், தீவனக் கடை நோட்டு, வங்கிப் பாஸ்புத்தகம், சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர். காலண்டரில் ஒவ்வொரு மாடும் கன்று ஈன்ற தேதியும் சினை ஊசி போட்ட தேதியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் மாடு பார்ப்பவரிடம் கேட்டு இப்போதே எழுதுங்கள். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், அவர்களுக்குத் தேதி மனப்பாடமாகத் தெரியும். கணக்குப் பார்க்கும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் இல்லாமல் போட்ட கணக்கு சரியாக வந்து நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 1: பட்டுவாடா வருகிறது, மறுநாளே கை காலி

ஒரே பையில் இரண்டு கணக்கு. பால் பணம் வருகிற கணக்கிலிருந்தே மளிகை, பள்ளிக் கட்டணம், மொய் எல்லாம் போகிறதா? அப்படியானால் மாடு நஷ்டமா, வீட்டுச் செலவு அதிகமா என்று சொல்லவே முடியாது. பால் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, ஒவ்வொரு பட்டுவாடாவிலும் தீவனப் பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு எடுப்பதை "வீட்டுக்கு" என்று எழுதியே எடுங்கள். வீட்டில் குடிக்கும் பாலையும் லிட்டர் கணக்கில் எழுதுங்கள். இரண்டு மாதம் இப்படி ஓட்டிப் பார்த்தால் பாதிப் பேருக்குக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடைப் பாக்கி. தீவனக் கடையில் ரொக்கத்துக்கு ஒரு விலை, பாக்கிக்கு ஒரு விலை இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். மூட்டைக்கு 40 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 1,400 ரூபாய் மூட்டையை ஒரு மாதத் தவணையில் வாங்கினால், அது ஆண்டுக்கு 34 சதவீத வட்டிக்குச் சமம். ஒரு நல்ல கறவைக் காலத்தில் பாக்கியை முடித்து ரொக்கத்துக்கு மாறிவிடுவது, எந்த மானியத்தையும் விட வேகமாகப் பலன் தரும்.

எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு தீவனம். இது பரவலான பழுது. பதினான்கு லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் ஐந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் அதே படியில் அளந்து போடுவார்கள். தவிடு, புண்ணாக்கு, கம்பெனித் தீவனம் போன்ற அடர்தீவனத்துக்குப் பொதுவான அளவு, பசு உடம்பைப் பார்த்துக்கொள்ள 1.5 கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டருக்கும் 1 கிலோ. பத்து லிட்டர் பசுவுக்கு 5.5 கிலோ வரும். சோதனை எளிது: ஒரு நாள் தராசை வைத்து, ஒவ்வொரு மாட்டுக்கும் உண்மையில் எவ்வளவு போகிறது என்று எடை போடுங்கள். படிக்கணக்கு எடைக்கணக்கோடு பொருந்தாது. தவிடு ஒரு எடை, புண்ணாக்கு ஒரு எடை, கம்பெனித் தீவனம் ஒரு எடை.

கறக்காத மாடு அதிகம். மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் காசு நிற்கவில்லையென்றால் ஓட்டை இங்கேதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு பசு பத்து லிட்டர் கறக்கிறது, ஒரு லிட்டர் வீட்டுக்கு, ஒன்பது லிட்டர் சொசைட்டிக்கு. லிட்டர் 36 ரூபாய் என்றால் வரவு 324. அடர்தீவனம் 5.5 கிலோ, கிலோ 28 என்றால் 154. வைக்கோலும் பசுந்தீவனமும் 60 என்று போடுவோம். மீதி 110 ரூபாய்.

பக்கத்தில் ஒரு வற்றுக்கறவை நிற்கிறது. அடர்தீவனம் 2 கிலோவுக்கு 56, வைக்கோல், பசுந்தீவனம் 60. ஒரு நாளைக்கு 116 ரூபாய் செலவு, வரவு கிடையாது. அதாவது ஒரு கறவை சம்பாதித்த மீதி முழுவதையும் ஒரு வற்றுக்கறவை தின்றுவிடுகிறது.

இப்போது ஐந்து மாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கறவை, இரண்டு வற்று என்றால் நாளைக்கு 98 ரூபாய் மிஞ்சும், மாதத்துக்கு மூவாயிரத்துக்கும் குறைவு. நான்கு கறவை, ஒரு வற்று என்றால் நாளைக்கு 324, மாதத்துக்கு 9,700-க்கு மேல். மாட்டின் எண்ணிக்கை அதேதான், பால் விலையும் அதேதான். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களும் எழுதுங்கள். மருந்து, கரண்ட், கூலி, தவணை எல்லாம் இந்த மீதியிலிருந்துதான் போக வேண்டும்.

கட்டுத்தரையில் கறவை பாதிக்குப் பாதிதான் என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள். பழுது அங்கேதான் இருக்கிறது.

எப்போது வெளியாளைக் கூப்பிடுவது: தீவனத்தை எடை போட்டு, கறவை எண்ணிக்கையும் சரியாக இருந்து, அப்போதும் மீதி வரவில்லையென்றால், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையத்துக்கு அல்லது வேளாண் அறிவியல் நிலையத்துக்கு உங்கள் தீவனப் பட்டியலை எடுத்துப் போங்கள். குறைந்த விலைக் கலவை போட்டுக் கொடுப்பார்கள்.

## அறிகுறி 2: பால் அளவு குறையவில்லை, லிட்டருக்குக் கிடைக்கும் விலை இறங்கிவிட்டது

ரசீதில் கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) என்று இரண்டு எண் இருக்கும். எது இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கொழுப்பு மட்டும் இறங்கினால்

கன்றை எப்போது அவிழ்த்து விடுகிறீர்கள்? முதல் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு நிறைய. கறந்து முடித்துவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால் விலை கன்றோடு போகிறது. கன்றை முதலில் ஊட்டவிட்டு, அப்புறம் மடி வற்ற ஒட்டக் கறந்து பாருங்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கறப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவசரத்தில் கறப்பவர் கடைசிப் பாலை விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

அதற்கு அடுத்த காரணம் நார்த்தீவனம். மழை பெய்ததும் இளம்புல்லை மட்டும் போட்டு, வைக்கோலையும் சோளத்தட்டையும் நிறுத்திவிட்டால் கொழுப்பு இறங்கும். திரும்பப் போட ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

எஸ்.என்.எஃப் மட்டும் இறங்கினால்

கறந்த சூட்டோடு, நுரையோடு கொண்டுபோய் ஊற்றுகிறீர்களா? சூடான பாலில் அடர்த்தி குறைவு, காற்றுக் குமிழும் சேர்ந்துகொள்ளும். பாலின் அடர்த்தியை அளக்கும் லேக்டோமீட்டர் டிகிரியைக் குறைத்துக் காட்டும். எஸ்.என்.எஃப் கணக்கே அந்த டிகிரியிலிருந்து வருவதுதான். டிகிரி 28, கொழுப்பு 4 என்றால், 28-ஐ 4-ஆல் வகுத்து 7, கொழுப்பில் கால் பங்கு 1, அதோடு 0.44 சேர்த்து 8.44. டிகிரி 26 என்று விழுந்தால் எஸ்.என்.எஃப் 7.94 ஆகிவிடும். ஒரு டிகிரிக்கு கால் புள்ளி அடி. பாலைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, நுரை அடங்கியதும், குலுக்காமல் மெதுவாகக் கலக்கி ஊற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை. ஆறவிடுவது என்பது வெயிலில் மணிக்கணக்காக வைப்பதல்ல, பால் திரிந்துவிடும்.

கேனைக் கழுவிக் கவிழ்க்காமல் அப்படியே ஊற்றினால் அடியில் நிற்கும் தண்ணீரும் பாலோடு சேரும். அதையும் பாருங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் மாட்டுக்குச் சத்துப் போதவில்லை. கோடையிலும், தீவன விலை ஏறியதும் அளவைக் குறைத்த பிறகும் இது நடக்கும். மூட்டையில் மிச்சப்படுத்தியது ரசீதில் போய்விடும்.

இரண்டும் இறங்கி, பாலும் லேசாகக் குறைந்தால்

வெளியே தெரியாத மடிநோய் இருக்கலாம். மடி வீங்காது, பால் திரியாது, ஆனால் காம்பு ஒன்றில் நோய் வேலை செய்துகொண்டிருக்கும். துணி துவைக்கும் சோப்புத்தூள் 15 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசல் ஊற்றிச் சுழற்றுங்கள். எந்தக் கிண்ணத்தில் கெட்டியாகிக் கொழகொழவென்று வருகிறதோ அந்தக் காம்புதான். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கடையில் நீங்களாக ஊசி மருந்து வாங்கிப் போடாதீர்கள். நோய் அரைகுறையாக அடங்கித் திரும்ப வரும், மருந்து போட்ட நாட்களின் பாலையும் ஊற்றக் கூடாது.

உங்களுக்கு மட்டும் அல்ல, ஊரில் எல்லோருக்கும் இறங்கினால்

பழுது கருவியில் இருக்கலாம். ஒரே பாலை இரண்டு பாட்டிலில் எடுத்து, ஒன்றை இங்கும் ஒன்றை வேறொரு சேகரிப்பு மையத்திலும் அதே காலையில் சோதித்து, இரண்டு ரசீதையும் வைத்துக்கொண்டு செயலாளரிடம் பேசுங்கள். தராசில் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பேச்சில் தீரவில்லையென்றால், கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்துக்கும், எடைப் புகாருக்குத் தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கேட்பார்கள்.

## அறிகுறி 3: ஆறு மாதம் பணப்புழக்கம், ஆறு மாதம் கைமாற்று

இதை வைத்துத்தான் ஒரு பண்ணை நிற்குமா விழுமா என்று நான் சொல்வேன். காலண்டரை எடுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் போன ஈற்றுக்கும் இந்த ஈற்றுக்கும் எத்தனை மாதம் என்று எழுதுங்கள்.

13, 14 மாதம் வந்தால் மாடு நன்றாகவே இருக்கிறது. எல்லா மாடும் ஒரே பருவத்தில் ஈனுவதுதான் பிரச்சினை. ஒரே நாளில் சந்தையில் நான்கு கறவை வாங்கினால் நான்கும் சேர்ந்தே வற்றும். அதனால்தான் கடன் திட்டங்களில்கூட மாடுகளை ஐந்தாறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாக வாங்கச் சொல்கிறார்கள். அடுத்த மாடு வாங்கும்போது, கட்டுத்தரை வற்றும் மாதத்தில் ஈனக்கூடிய சினைமாடாகப் பார்த்து வாங்குங்கள்.

16 மாதத்துக்கு மேல் போனால் சினை பிடிப்பதில் பழுது. காரணங்கள் வரிசையாக:

பருவத்தைத் தவறவிடுவது. மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். பல மாடுகள் இரவிலும் விடிகாலையிலும்தான் அறிகுறி காட்டும், சில கத்தவே கத்தாது. கண்ணாடி போன்ற வழும்பு வாலில் ஒட்டியிருக்கிறதா என்று ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு முறையும் விடிந்ததும் ஒரு முறையும் பாருங்கள். ஒரு பருவம் தவறினால் 21 நாள். மேலே போட்ட வற்றுக்கறவைக் கணக்குப்படி சுமார் 2,400 ரூபாய்.

ஊசி போடும் நேரம். காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஊசி போடுபவர் வரும் நேரத்துக்காக இதை மாற்றிக்கொண்டால் ஊசிக்காசு போய்விடும்.

தாது உப்பு. மாதச் செலவு சொற்பம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் நிறுத்துவது இதைத்தான். நிறுத்தாதீர்கள்.

சினைச் சோதனை செய்யாமல் விடுவது. ஊசி போட்டுத் திரும்பப் பருவத்துக்கு வரவில்லையென்றால் சினைதான் என்று நம்பிக்கொண்டு ஐந்து மாதம் கழித்துத் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். ஊசி போட்ட 60-லிருந்து 90 நாளுக்குள் கைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

எப்போது வெளியாள்: மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லையென்றால் நான்காவது ஊசி போடாதீர்கள். கால்நடை மருத்துவரை வைத்துக் கருப்பையைப் பாருங்கள். ஈன்று மூன்று மாதமாகியும் பருவமே காட்டாத மாட்டுக்கும் இதேதான். சிகிச்சைக்குப் பிறகும் நிற்காத மாடு, கறந்துகொண்டிருக்கும்போதே விற்கப்பட வேண்டிய மாடு. வற்றின பிறகு சந்தைக்குப் போனால் தரகர் சொன்னதுதான் விலை. வளர்த்த மாட்டை அனுப்ப மனசு வராது, தெரியும். ஆனாலும் அந்த ஒரு மாட்டுக்காக மற்ற நான்கும் வாங்கின கடனைக் கட்டிக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 4: கட்டிக்கொண்டே இருக்கிறோம், அசல் குறையவில்லை

கெடு தேதி. கிசான் கிரெடிட் கார்டில் (விவசாயிகளுக்கான வங்கிக் கடன் அட்டை) மாட்டுப் பராமரிப்பின் அன்றாடச் செலவுக்கும் கடன் உண்டு. 2 லட்சம் வரை மானியம் போக வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் இன்னும் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதம். லட்சத்துக்கு ஆண்டுக்கு 4,000. கெடு தாண்டினால் சலுகை போய், வங்கியின் சாதாரண வட்டி ஏறும். சோதனை: கிளையில் கணக்கு அறிக்கை வாங்கி, கெடு தேதி எது, வட்டி எந்த விகிதத்தில் விழுகிறது என்று பாருங்கள். தேதியைக் காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள்.

வெளிவட்டி. "மூணு வட்டி" என்பது மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, ஆண்டுக்கு 36 சதவீதம். லட்சத்துக்கு 36,000. வங்கிக் கடனும் வெளிவட்டியும் இருந்தால், வங்கித் தவணைக்குக் குறையாமல் கட்டிவிட்டு மிச்சம் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வெளிவட்டி அசலுக்கே கொடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நகைக்கடன் வெளிவட்டியை விட எவ்வளவோ தேவலை, அதை எடுத்து வெளிக்கடனை முடிக்கலாம். நகையை வைத்துத் தீவனம் வாங்கும் நிலை வந்துவிட்டால் மட்டும் நின்று, அறிகுறி 1-ஐயும் 3-ஐயும் மறுபடி பாருங்கள்.

ஈடு கேட்கிறார்கள் என்றால். 1.1.2025 முதல் 2 லட்சம் வரையிலான விவசாய, கால்நடைக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளை மேலாளரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது வெளியாள்: தவணை கட்ட முடியாது என்று தெரிந்த மாதமே வங்கிக்குப் போங்கள். கெடு தாண்டிய பிறகு போவதை விட முன்னால் போனால் தவணையை மாற்றி அமைக்க வழி அதிகம். கிளையில் பதில் இல்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் வணிக வங்கி சரிசெய்யாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், உதவி எண் 14448. வட்டிக்காரர் மிரட்டினாலோ, பத்திரத்தை எழுதி வாங்கினாலோ, தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தனியாகப் பேசப் போகாதீர்கள். வழக்கறிஞரோடு காவல் நிலையம் போங்கள்.

## அறிகுறி 5: வர வேண்டிய பணம் வரவில்லை

மாட்டுக் காப்பீடு. பெரும்பாலும் காதுவில்லைதான் காரணம். வில்லை விழுந்துபோன மாடு செத்தால், அது காப்பீடு செய்த மாடுதான் என்று நிரூபிக்க வழியில்லை. மாதம் ஒரு முறை வில்லையின் 12 இலக்க எண்ணைப் பாலிசியோடு ஒத்துப் பாருங்கள். விழுந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லி மாற்று வில்லை போடுங்கள். மாடு இறந்தால் புதைக்கும் முன் நிறுவனத்துக்குத் தகவல், வில்லை தெரியும்படி படம், மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று. துக்கத்தில் முதல் நாளே புதைத்துவிடுகிறார்கள், அதோடு பணமும் போய்விடுகிறது.

பி.எம். கிசான் தவணை, அதாவது மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை. மூன்று இடத்தில் பாருங்கள்: இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிந்திருக்கிறதா, நில ஆவணம் இணைந்திருக்கிறதா, ஆதாரோடு இணைந்த கணக்கு எது. உங்களுக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக ஆதார் வழி மானியத்துக்கு இணைத்த கணக்குக்கே பணம் போகும். வராத பணம் பல நேரம் மறந்துபோன கணக்கில் கிடக்கிறது. பட்டா அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றோடு பட்டா மாற்றத்துக்கு முதலில் எழுதிப் போடுங்கள், கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். 1.2.2019-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு இந்தத் தொகை கிடையாது, வாரிசாக வந்ததற்கு உண்டு.

தனியார் பால் வியாபாரி இழுத்தடித்தால். முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. வாங்கவில்லையென்றால் இரண்டு பட்டுவாடாவுக்கு மேல் நிற்க விடாதீர்கள், பாதிப் பாலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் அதைக் கழிக்கும் கணக்கை எழுத்தில் கேளுங்கள். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைவாக ஊற்றுவது, நாளைக்கு முப்பது லிட்டருக்கு மாதம் 1,800 ரூபாய் வட்டி கொடுப்பதற்குச் சமம்.

## அறிகுறி 6: வருமான வரித்துறையிலிருந்து கடிதம்

நெல், கரும்பு வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பாலுக்கும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பால் விற்ற வருமானம் சட்டப்படி விவசாய வருமானத்தில் வராது, தொழில் வருமானம். ஐந்து மாடு வைத்திருப்பவருக்கு மீதி வரம்புக்குள்தான் இருக்கும், வரி வராது. ஆனால் மொத்த வரவு லட்சக்கணக்கில் வங்கியில் விழுவதால் கடிதம் வரலாம். சிறு தொழிலுக்கு உத்தேச வருமான முறை உண்டு: வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் பதில் சொல்லக் கடைசித் தேதி இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம். பால் அட்டைகள், தீவன பில்கள், வங்கி அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.